மேல 400 வீடு, கீழ நம்ம கடை: 45 லட்சம் போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

போன வாரம் சேவூர்லேர்ந்து ஒரு போன். நம்ம சொந்தக்காரத் தம்பிதான். வீட்டுல ரெண்டு தறி, கூடவே ஆரணிச் சேலையை வெளியூர் கடைகளுக்குப் போட்டு வாங்குற வியாபாரம். அப்பா வாங்கிப் போட்ட ஒரு மனையை வித்து கையில கொஞ்சம் பணம் இருக்கு.

"அண்ணே, சென்னையில ஒரு பெரிய டவர் வருது. மேல 400 வீடு. ரோட்டு மட்டத்துல கடை தர்றாங்க. 250 சதுர அடி, 45 லட்சம். கஸ்டமரைத் தேடி நாம போக வேணாம், லிஃப்ட்ல இறங்கி வருவாங்கன்னு சொல்றாங்க. இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் குடுத்தா ரேட்டு குறைப்பாங்களாம்."

"அப்ரூவல் இருக்கா?"

"எல்லாம் இருக்குன்னு சொன்னாங்கண்ணே."

எல்லாம்னா எதெல்லாம்? அது அவனுக்குத் தெரியல. நம்ம ஊர்ல உயரமான விஷயம்னா கோயில் கோபுரம், தண்ணி டேங்க், செல்போன் டவர். அதனால அவன் மேல தப்பு சொல்ல முடியாது. அதை முதல்ல பார்த்துடுவோம்.

தமிழ்நாட்டுல 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி 18.30 மீட்டருக்கு மேல போனா அது உயரமான கட்டடம். சென்னைப் பெருநகரப் பகுதின்னா சிஎம்டிஏ, மத்த ஊருன்னா டிடிசிபி. இவங்க குடுக்குறது திட்ட அனுமதி. அதுக்கு முன்னாடி தீயணைப்புத் துறை, போக்குவரத்து போலீஸ், விமான நிலைய ஆணையம்னு தடையின்மைச் சான்று வாங்கணும். திட்ட அனுமதி வந்த பிறகு மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கட்டட அனுமதி குடுக்கும். கட்டி முடிச்சதும் பணி நிறைவுச் சான்றிதழ். அது இல்லாம இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு கரண்ட், தண்ணி இணைப்பு முறையா கிடைக்காது.

"அப்ரூவ்டு"னு நோட்டீஸ்ல ஒரே வார்த்தை போடுறாங்களே, அது இதுல எந்தக் காகிதம்னு கேட்கணும். உள்ளூர் ஆபீஸ் சீல் மட்டும் போதும்னு நினைச்சா என்ன ஆகும்? கொச்சி மரடுல நடந்ததைப் பாருங்க.

மரடு அப்போ ஊராட்சி. 2006-ல காயல் ஓரமா அடுக்குமாடி கட்ட ஊராட்சி பெர்மிட் குடுத்துச்சு. கடலோர மண்டல விதிப்படி வாங்க வேண்டிய மேல் அனுமதி வாங்கல. அடுத்த வருஷம் ஊராட்சியே நோட்டீஸ் விட்டுச்சு. கட்டுறவங்க ஐகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி, கட்டி, வித்து, ஜனங்களும் குடி வந்துட்டாங்க. 2019 மே 8-ல சுப்ரீம் கோர்ட் இடிக்கச் சொல்லிடுச்சு. 2020 ஜனவரி 11, 12 ரெண்டே நாள்ல நாலு வளாகமும் வெடி வெச்சுத் தரைமட்டம். வீட்டுக்காரங்களுக்கு இடைக்கால இழப்பீடா கோர்ட் சொன்னது 25 லட்சம். லோன் போட்டு வாங்கினவங்களுக்கு அது எந்த மூலைக்கு?

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு. சென்னை மவுலிவாக்கத்துல 2014 ஜூன் 28-ல இடிஞ்சு விழுந்த 11 மாடிக் கட்டடம், 61 பேர் உயிர் போச்சே, அதுக்கு சிஎம்டிஏ அனுமதி இருந்துச்சு. அதனால அனுமதிக் காகிதம் பார்த்துட்டோம், தூங்கலாம்னும் சொல்ல மாட்டேன்.

சரி, அதெல்லாம் மேல இருக்கிற வீட்டுக்கு. கீழ இருக்கிற கடைக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. நம்ம தம்பி மாதிரி ஆளுங்க மாட்டுறது பெரும்பாலும் இங்கதான். வரைபடத்துல அந்த இடம் உண்மையிலேயே "கடை"ன்னு இருக்கா, இல்ல "கார் பார்க்கிங்"னு இருக்கா? பார்க்கிங்கைச் சுவர் வெச்சு, ஷட்டர் போட்டு, கடைன்னு விக்கிறது நம்ம ஊர்ல புதுசு இல்ல. தூண் நடுவுல இருக்கிற பார்க்கிங்கைத் தனிச் சொத்தா விக்கவே முடியாதுன்னு 2010-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

சேலைக்காரங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச கதைதான். 2011 அக்டோபர் 31, தி.நகர் ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோடு. விதிமீறல்னு சொல்லி கட்டடம் கட்டடமா சீல் வெச்சாங்க. நம்ம பக்கத்து நெசவாளிங்க சரக்கு போற தெருங்க அது! 2012 பொங்கல் சமயத்துல கோர்ட் தற்காலிகமா திறக்க விட்ட வரைக்கும் வியாபாரம் படுத்துது. விதியை மீறிக் கட்டினது ஒருத்தர், ஷட்டருக்கு வெளியில நின்னது வேற ஒருத்தர்.

அதனால தம்பிகிட்ட மூணு விஷயம் கேட்டு வாங்கச் சொன்னேன். சிஎம்டிஏ முத்திரை போட்ட தரைத்தள வரைபடம், அதுல அவன் கடை நம்பர். அந்தக் கடைக்கு எத்தனை சதுர அடி யூடிஎஸ், அதாவது நிலத்துல பிரிக்கப்படாத பங்கு. அப்புறம் தமிழ்நாடு ரெரா பதிவு எண். ரெரா வீட்டுக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க, 2016 சட்டத்துல கடையும் சேர்த்திதான். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாம 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வரைபடத்தை மாத்தணும்னா வாங்கினவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் எழுத்துல சம்மதிக்கணும். கட்டுமானக் குறை வந்தா 5 வருஷம் வரைக்கும் பில்டர் சரி பண்ணித் தரணும். இத்தனை பாதுகாப்பும் பதிவு பண்ணின திட்டத்துல, வரைபடத்துல கடைன்னே இருக்கிற கடைக்குத்தான்.

இப்ப காசுக்கு வருவோம். தம்பி சொன்ன விலையை வெச்சு ஒரு கணக்கு போட்டேன். மத்த செலவு, வாடகை எல்லாம் என் உத்தேசம்.

விலை 45 லட்சம். கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி வாங்குற கடைக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டின்னா 5.40 லட்சம். பத்திரம், பதிவு, டெபாசிட், ஷட்டர், உள்வேலை எல்லாம் சேர்த்து ஒரு 4.60 லட்சம் வைங்க. ஆக 55 லட்சம். (அந்தத் திட்டத்துல மொத்தக் கடைப் பரப்பு 15 சதவீதத்துக்குள்ள இருந்தா கடைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 3.15 லட்சம் மிச்சம். விக்கிறவங்களா இதைச் சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேட்கணும்.)

வாடகைக்கு விட்டா மாசம் 18,000 கிடைக்குதுன்னு வைங்க. வருஷம் 2.16 லட்சம். பராமரிப்பு சதுர அடிக்கு மாசம் 10 ரூபாய்னா 30,000, சொத்து வரி ஒரு 12,000. மிச்சம் 1.74 லட்சம். 55 லட்சத்துக்கு 3.2 சதவீதம் கூட வரல. வருஷத்துல ரெண்டு மாசம் காலியா கிடந்தா கையில 1.38 லட்சம், அதாவது 2.5 சதவீதம். பேங்க் எஃப்டி இதைவிட அதிகமா குடுக்கும், அதுக்கு ஷட்டர் துடைக்க வேண்டியதும் இல்ல. "விலை ஏறுமே"ன்னு கேட்பீங்க. ஏறலாம். ஆனா கடையை விக்கிறது வீட்டை விக்கிற மாதிரி இல்ல. அந்த இடத்துல வியாபாரம் நடந்தாத்தான் வாங்க ஆள் வருவான்.

தம்பிக்கு வாடகைக்கு விடுற எண்ணம் இல்ல. அவனே சேலைக் கடை போடணும்னு ஆசை. இதுலதான் நாங்க அரை மணி நேரம் பேசினோம்.

400 வீட்டுல வருஷத்துக்கு நாலுல ஒரு வீட்டுல கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம்னு ஏதோ ஒரு விசேஷம் வருதுன்னே வைங்க. 100 குடும்பம். அவங்க கல்யாணப் பட்டு எடுக்க லிஃப்ட்ல இறங்கி வருவாங்களா? வேன் வெச்சு காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கோ தி.நகருக்கோதான் போவாங்க. பட்டு எடுக்கிறது பத்து கடை ஏறி இறங்குற விஷயம், தனியா ஒரு கடைன்னா பார்க்கவே வர மாட்டாங்க. டவருக்குக் கீழ ஓடுறது பால், மருந்து, சலூன், அயர்ன், டிபன். அதுலயும் பாதியை இப்போ பிளிங்கிட், செப்டோ பத்து நிமிஷத்துல வாசல்ல கொண்டு வந்து வெச்சிடுது.

சிங்கப்பூர்ல டக்ஸ்டன் பக்கத்துல 50 மாடி, 1,848 வீடு இருக்கிற அரசு அடுக்குமாடி ஒண்ணு இருக்கு. கீழ இருக்கிறது ஃபுட் கோர்ட், அன்றாடத் தேவைக்கான கடை மாதிரிதான். அங்கேயே அப்படின்னா நம்ம 400 வீட்டை யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. ரோட்டு மட்டம்னு சொல்றாங்களே, கடை பார்க்கிறது ரோட்டையா, இல்ல கேட்டுக்கு உள்ள இருக்கிற புல்வெளியையா? உள்ள பார்த்த கடைன்னா வெளியாள் வரும்போது செக்யூரிட்டி நோட்டுல பேர் எழுதச் சொல்வான். பைக் நிறுத்த இடம் வேணும். போர்டு வெக்கலாமா, எத்தனை மணி வரைக்கும் திறக்கலாம்னு சங்கத்துல மேல இருக்கிற 400 ஓட்டு முடிவு பண்ணும். கீழ இருக்கிற பத்து கடை எதிர்த்து என்ன பேசும்?

எனக்கு சேவூர்ல விடியக்காலையில தெருவுலயே பாவு நீட்டி வேலை பார்த்தது ஞாபகம் வந்துச்சு. பால்காரர், பூக்காரம்மா, இட்லிக் கடை எல்லாம் அந்த ஆள் நடமாட்டத்தை நம்பித்தான். தெருவுல ஆள் நடந்தாத்தான் கடை. "உனக்கே தெரிஞ்சதுதானடா"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல.

"அப்போ வேணாம்ங்கிறீங்களாண்ணே?"

வேணாம்னு நான் சொல்லல. பெரம்பூர் பின்னி மில் இருந்த இடத்துல டவரும் கடையுமா வந்திருக்கிற மாதிரி, மார்க்கெட்டுன்னே திட்டம் போட்டுக் கட்டுற இடங்களும் உண்டு. இவன் பார்த்த இடம் எந்த ரகம்னு நேர்ல போய்ப் பார்க்கணும். அதுவும் சேல்ஸ் ஆளோட ஞாயித்துக்கிழமை காலையில இல்ல. தனியா, சாதாரண நாள்ல, சாயந்திரம் ஏழு மணிக்கு. பக்கத்துல ஏற்கெனவே குடி வந்த ரெண்டு டவருக்குக் கீழ எத்தனை ஷட்டர் மூடியிருக்குன்னு எண்ணிட்டு வரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஆரணியிலேர்ந்து பஸ் ஏறினான். ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சு. முதல் டவர்ல 14 கடையில 9 மூடியிருக்கு, ரெண்டாவதுல 8-ல 5. வரைபடம் கேட்டு சேல்ஸ் ஆபீஸுக்கு மெசேஜ் போட்டிருக்கான். "சார்கிட்ட கேட்டுச் சொல்றோம்"னு பதில் வந்திருக்கு. அட்வான்ஸ் பணம் இன்னும் அவன் கணக்குலதான் இருக்கு.