கூகுள் காலண்டரா, சொந்த டேட்டாபேஸா: ஆப் எதை நம்ப வேண்டும்?

மாலை 5 மணி ஸ்லாட்டை ஒருவர் பல் கிளினிக்கின் ஆப்பில் புக் செய்கிறார். அதே நிமிடத்தில் டாக்டர் தன் போனில் கூகுள் காலண்டரைத் திறந்து, 5 மணிக்கு வேறு வேலையைப் போட்டுவிடுகிறார். நோயாளி வந்து நிற்பார். டாக்டர் இருக்க மாட்டார். வெளி காலண்டர் சேவையைச் சொந்த டேட்டாபேஸுடன் இணைப்பவர்களுக்கு வரும் முக்கியமான தலைவலி இதுதான்.

ஏன் இரண்டும் வேண்டும்?

நினைவூட்டல், நேர மண்டலம், 'வாரந்தோறும் திங்கள்' போன்ற தொடர் பதிவுகளையெல்லாம் காலண்டர் சேவையே பார்த்துக்கொள்ளும். ஆனால் கட்டணம், சிகிச்சை விவரம் போன்றவை சொந்த டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும்.

புக்கிங்கை உறுதி செய்வது எது?

டேட்டாபேஸ்தான். ஒரே டாக்டருக்கு ஒரே ஸ்லாட்டில் இரண்டு பதிவுகள் கூடாது என்ற தடையை அங்கேயே வைத்துவிட வேண்டும். உறுதி செய்யும் முன், டாக்டர் அந்த நேரத்தில் ஃப்ரீயா என்று காலண்டரிடமும் கேட்க வேண்டும். பிறகுதான் காலண்டரில் பதிவு.

ஐடி எதற்கு?

காலண்டரில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஐடி உண்டு. அதை டேட்டாபேஸில் சேமிக்காவிட்டால், நேரத்தை மாற்றும்போது பழைய பதிவு அப்படியே நிற்க, புதிதாக இன்னொன்று முளைக்கும். கூகுள் காலண்டரில் ஐடியை நாமே உருவாக்கியும் அனுப்பலாம். நெட் துண்டாகி ஆப் மறுபடி அனுப்பினாலும், அதே ஐடி ஏற்கெனவே இருப்பதால் இரட்டைப் பதிவு விழாது.

டாக்டர் காலண்டரில் மாற்றினால்?

கூகுள் ஆப்புக்கு ஒரு தகவல் அனுப்பும். ஆனால் 'ஏதோ மாறியிருக்கிறது' என்று மட்டுமே அது சொல்லும். என்ன மாறியது என்று ஆப்தான் திரும்பக் கேட்க வேண்டும். கடைசியாகக் கிடைத்த 'சிங்க் டோக்கனை'க் கொடுத்தால், அதற்குப் பிந்தைய மாற்றங்கள் மட்டும் வரும். டோக்கன் காலாவதியானால் 410 என்ற பதில் வரும். அப்போது முழுவதையும் மறுபடி படிக்க வேண்டியதுதான். தகவல் வரும் இணைப்புக்கும் ஆயுள் உண்டு, புதுப்பிக்க மறந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

இவ்வளவு செய்தும் சில நொடி இடைவெளியில் மோதல் வரலாம். அப்போது ஆப் தானாக எதையும் அழிக்கக் கூடாது. வரவேற்பில் இருப்பவருக்கு எச்சரிக்கை போனால், அவர் நோயாளியிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொள்வார்.

தலைப்பில் கவனம்

காலண்டரைப் பலர் பகிர்ந்து பார்ப்பார்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் தலைப்பில் எழுதினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். 'அப்பாயின்ட்மென்ட்' என்ற சொல்லும் ஒரு எண்ணும் போதும். மற்றதெல்லாம் டேட்டாபேஸிலேயே இருக்கட்டும்.