இதயத்தில் பொடி ஓட்டை! காட்டிக் கொடுக்கும் குமிழி!

நாலு பேரில் ஒருவருக்கு இதயத்தில் பொடி ஓட்டை உண்டு. நம்ப முடிகிறதா?

கருவில் எல்லோருக்கும் இருக்கும் வழிதான் இது. பிறந்த பின் மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாது. பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் ரத்தக்கட்டி அதில் நுழைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்!

கண்டுபிடிப்பது எப்படி? உப்பு நீரைக் குலுக்கி, நுண்குமிழிகளோடு கை நரம்பில் ஏற்றுவார்கள். "மூச்சை அடக்கி முக்குங்க, அப்புறம் விடுங்க" என்பார் டாக்டர். 'எக்கோ' கருவியின் ஒலி அலை படம் காட்டும். வலப்பக்கம் வரும் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் குமிழி தெரிந்தால்... ஓட்டை இருக்கு!

எக்கோ பிறந்தது 1953-ல், சுவீடனில். கப்பல் தளத்தில் இரும்பு விரிசல் பார்த்த கருவியை இரவல் வாங்கி, இதயத்தைப் பார்த்தார்கள் எட்லரும் ஹெர்ட்சும்!

காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்த இளைஞர்களுக்கு இந்தச் சோதனை முக்கியம். தேவைப்பட்டால், நெஞ்சைத் திறக்காமலே தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டு ஓட்டையை அடைத்துவிடலாம்.