எந்த நெல்லை விதைக்கு எடுத்து வைக்கலாம்?

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும் கல்லிடைக்குறிச்சி வயல்களில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். கார் பருவத்துக்கானாலும் பிசானப் பருவத்துக்கானாலும் முதலில் எழும் கேள்வி விதைநெல் பற்றியதுதான். போன அறுவடையிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளலாமா, கடையில் பை வாங்க வேண்டுமா? இதற்குச் சட்டம் ஒரு பதில் சொல்கிறது, நெற்பயிரின் உடம்பு இன்னொரு பதில் சொல்கிறது. இரண்டையும் தெரிந்து வைத்திருந்தால்தான் ஒரு பருவத்து உழைப்பு தப்பும்.

முதலில் பயிரின் உடம்பு. இலை, தண்டு, வேர் எதை எடுத்தாலும் நெல்லின் செல்லில் 24 குரோமோசோம்கள் இருக்கும். தாய்வழி வந்தவை 12, தந்தைவழி வந்தவை 12. இரண்டு தொகுதியும் சேர்ந்திருக்கும் இதுதான் டிப்ளாய்டு செல். மகரந்தத்திலும் சூலுக்குள் இருக்கும் முட்டையிலும் மட்டும் ஒரே தொகுதி, அதாவது 12. இவை ஹாப்ளாய்டு செல்கள். காலை வெயில் ஏறும் வேளையில் நெற்பூவின் உமி சற்றே பிளக்கும். ஆறு மகரந்தப் பைகளும் வெளியே தொங்கும். கொஞ்ச நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அதற்குள் அந்தப் பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியில் விழுந்துவிடுகிறது. பன்னிரண்டும் பன்னிரண்டும் கூடி மறுபடியும் 24 ஆகி, அரிசியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முளைக்கரு உண்டாகிறது.

இப்போது அம்பை 16 ரகத்தைப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சிக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம் இது. பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய தூய ரகம் என்பதால் அதன் இரண்டு தொகுதிகளும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் பாதி மகரந்தத்துக்குப் போனாலும் வித்தியாசமில்லை. கலவன் நீக்கி, நன்றாகக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த பருவத்திலும் அதே அம்பை 16-தான் விளையும்.

வீரிய ஒட்டு ரகத்தின் கதை வேறு. அதன் தாயும் தந்தையும் இரு வேறு ரகங்கள். எனவே இரண்டு தொகுதிகளும் வேறு வேறு. வாங்கி விதைத்த வருடம் எல்லாத் தூரிலும் அதே சோடி இருப்பதால் வயல் சீராக நிற்கும். அந்தப் பயிர் மகரந்தம் உண்டாக்கும்போதோ, 12 சோடியிலும் எது போகும் என்பது குலுக்கல் முறைதான். அந்தக் குலுக்கலில் மட்டுமே 4,096 விதமான பாதிகள் வரலாம். முட்டைக்கும் இதே கணக்கு. அந்த நெல்லை விதைத்தால் ஒரு தூர் இடுப்பளவு நிற்கும், பக்கத்துத் தூர் முழங்காலளவு நிற்கும்; ஒன்றில் கதிர் முற்றும்போது இன்னொன்று பொதியில் இருக்கும். அறுவடை நாள் குறிக்கவே முடியாது. மக்காச்சோளம், தக்காளி, கத்தரி ஒட்டு ரகங்களுக்கும் இதுவே பொருந்தும்.

அடுத்து உரிமை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் வந்தது. அதன் 39-ஆம் பிரிவின்படி, ஒரு நிறுவனம் பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும், விளைந்த நெல்லை விதையாகச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. அந்த ரகத்தின் பெயரை அச்சிட்டு, பொட்டலம் கட்டி, முத்திரை விதையாக விற்கக் கூடாது, தடை அவ்வளவுதான். 2019-இல் உருளைக்கிழங்கு ரகம் ஒன்றுக்காக குஜராத் விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டபோது இந்தப் பிரிவுதான் நாடெங்கும் பேசப்பட்டது. அந்த வழக்குகளை நிறுவனம் அதே ஆண்டு திரும்பப் பெற்றது. ஆகவே, ஒட்டு நெல்லைச் சேமிப்பது குற்றம் என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம். நட்டம் வரும் என்று சொன்னால் நம்புங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது நடுவில் நடக்கும் ஏமாற்று. சாதாரண நெல்லையும், ஒட்டு ரகத்தின் மறுவிளைச்சலையும் அட்டையில்லாத சாக்கில் போட்டு விதை என்று விற்பது பெரிய அநியாயம். நெல்மணியைக் கையில் வைத்துப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பயிர் பொதி கட்டும்போதுதான் தெரியும். அதனால் பையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. ரகத்தின் பெயர், ஒட்டு ரகமா என்ற விவரம், குவியல் எண், பரிசோதனை செய்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத்திறன் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம். பில் கொடுப்பது கடைக்காரரின் தயவு அல்ல. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது அவருடைய கடமை.

பயிர் ஏமாற்றிவிட்டால் அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். நிற்கும் பயிர்தான் சாட்சி. வயல் முழுக்க ஒரே மாதிரி குன்றியிருந்தால் பெரும்பாலும் தண்ணீர், மண், நோய் காரணமாக இருக்கும். தூருக்குத் தூர் உயரமும் கதிர் வரும் நாளும் மாறினால் விதையைச் சந்தேகிக்கலாம். படம் எடுத்து வையுங்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் விதை ஆய்வாளரிடமும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, வயலாய்வு அறிக்கை கேளுங்கள். காலிப் பை, அட்டை, பில் மூன்றையும் எறியக் கூடாது.

இழப்பீடு கேட்க இரண்டு வழி உண்டு. பதிவு பெற்ற ரகம், சொன்ன சூழ்நிலையில் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால், முன்னே சொன்ன 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின் கீழ் அதன் ஆணையத்திடம் கேட்கலாம். இரண்டாவது வழி நுகர்வோர் ஆணையம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழகம் தொடுத்த மதுசூதன் ரெட்டி வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கென்று விதையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று விவசாயியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. கல்லிடைக்குறிச்சிக்காரர் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. வாங்கிய விதையின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.