முதலாம் பியூனிக் போரும் உரோமையின் கடற்படையும்

முதலாம் பியூனிக் போர் (கி.மு. 264–241) என்பது உரோமைக் குடியரசுக்கும், இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ் அரசுக்கும் இடையே பெரும்பாலும் சிசிலித் தீவிலும் அதைச் சூழ்ந்த கடலிலும் நடந்த போர் ஆகும். கார்த்தேஜ் மக்கள் பினீசியர் வழிவந்தவர்கள். உரோமர் அவர்களைப் 'பொய்னி' என்று அழைத்ததால் போருக்கு இப்பெயர் ஏற்பட்டது. இத்தாலிக்குள் மட்டுமே ஆதிக்கம் செலுத்திவந்த உரோமை, கடல் கடந்த நிலத்தை முதன்முதலில் பெற்றது இப்போரால்தான்.

மெசானா நகரைக் கைப்பற்றி வைத்திருந்த மாமெர்தினர் என்ற கூலிப்படையினர், சிராக்கூசு மன்னர் ஈரோனுக்கு அஞ்சி இரு அரசுகளிடமும் உதவி கேட்டதே போரின் தொடக்கம். குறுகிய நீரிணைக்கு அப்பால் கார்த்தேஜ் காலூன்றுவதை உரோமர் விரும்பவில்லை.

கடற்படை உருவாக்கம்

தரைப்போரில் உரோமர் வென்றனர். ஆனால் சிசிலியின் துறைமுக நகரங்களுக்குக் கார்த்தேஜ் கடல்வழியாக உணவும் படையும் அனுப்பிக்கொண்டே இருந்தது. எனவே குயின்குரீம் எனப்படும் பெரிய துடுப்புக் கப்பல்கள் 100, சிறிய திரிரீம் கப்பல்கள் 20 கட்ட உரோமை முடிவு செய்தது. கரைதட்டிய கார்த்தேஜ் கப்பல் ஒன்றை மாதிரியாகக் கொண்டு அவை கட்டப்பட்டன என்றும், துடுப்பாளர்கள் தரையில் பலகைகளில் அமர்ந்து பயிற்சி பெற்றனர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு எழுதுகிறார். உரோமர் கடலையே அறியாதவர்கள் என்று அவர் காட்டுவது சற்று மிகை. சிறு கப்பல்களும், கடலோடிகளான கிரேக்க நட்பு நகரங்களும் அவர்களிடம் முன்பே இருந்தன. கப்பலைப் பார்த்துக் கட்டிய செய்தி நம்பத்தக்கதே. சிசிலியின் மர்சாலா அருகே 1970களில் அகழப்பட்ட கார்த்தேஜ் கப்பலின் பலகைகளில், எதை எங்கே பொருத்துவது என்பதற்கான எழுத்துக் குறிகள் உள்ளன.

கப்பல் ஓட்டும் திறனில் பின்தங்கிய உரோமர் 'கோர்வசு' (அண்டங்காக்கை) என்ற ஏறுபாலத்தைப் பயன்படுத்தினர். அதன் நுனியிலிருந்த இரும்பு அலகு எதிரிக் கப்பலின் தளத்தில் குத்தி நிற்க, வீரர்கள் அதன்மேல் ஓடிச்சென்று தரையில் போலவே வாளால் போரிட்டனர். கி.மு. 260இல் மைலே போரில் தூயிலியசு இவ்வாறே வென்றார்.

இழப்புகளும் முடிவும்

வெற்றிகளைவிட இழப்புகளே உரோமையின் வலிமையைக் காட்டுகின்றன. கி.மு. 255இல் ஆப்பிரிக்காவில் தளபதி ரெகுலசு தோற்றுச் சிறைப்பட்டார். அதே ஆண்டு கமரினா அருகே வீசிய புயலில் 364 கப்பல்களில் 80 மட்டுமே தப்பின. கி.மு. 249இல் திரெபானாவில் மீண்டும் பெருந்தோல்வி. போர் முழுவதிலும் உரோமை ஏறத்தாழ 700 கப்பல்களையும் கார்த்தேஜ் 500 கப்பல்களையும் இழந்ததாகப் பொலிபியசு கணக்கிடுகிறார். அதாவது, வென்றவர் இழந்ததே அதிகம்.

இத்தாலிய நட்பு நகரங்கள் உரோமைக்கு வரி செலுத்தவில்லை; ஆட்களை அனுப்பின. ஆகவே படை மீண்டும் மீண்டும் நிரம்பியது. கூலிப்படையை நம்பிய கார்த்தேஜுக்கோ ஒவ்வோர் ஆண்டும் பணம் தேவைப்பட்டது. உரோமைக் கருவூலமும் வற்றியபோது, வென்றால் திருப்பித் தரவேண்டும் என்ற ஏற்பாட்டில் செல்வர்கள் செலவை ஏற்க, 200 கப்பல்கள் உருவாயின. கி.மு. 241இல் ஏகேட்சுத் தீவுகளுக்கு அருகே அக்கடற்படை வென்றது. 2004 முதல் அப்பகுதிக் கடலடியிலிருந்து, இலத்தீன் பெயர்கள் பொறித்த வெண்கல இடிமுனைகள் எடுக்கப்பட்டுள்ளன.

கார்த்தேஜ் சிசிலியை விட்டு வெளியேறி, 3,200 தாலந்து வெள்ளி செலுத்த ஒப்புக்கொண்டது. சிராக்கூசு நீங்கலான சிசிலி உரோமையின் முதல் மாகாணமாயிற்று. ஊதியம் கிடைக்காத கூலிப்படையினர் கார்த்தேஜுக்கு எதிராகக் கிளர்ந்த நேரத்தைப் பயன்படுத்தி, உரோமை சார்தீனியாவையும் பறித்துக்கொண்டது. பொலிபியசே இதை நியாயமற்ற செயல் என்கிறார். இழந்ததை ஈடுகட்டத் தளபதி அமில்கார் பார்க்கா கி.மு. 237இல் ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். உடன் சென்ற அவர் மகன் அனிபாலுக்கு அப்போது வயது ஒன்பது.