கொலு ரயிலுக்கு ஓர் எழும்பூர் ஸ்டேஷன்! பித்தளைத் தகட்டில் பிறக்கும் குட்டிக் கட்டடங்கள்

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கவே இடம் இருக்காது. தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று வாங்கி வந்து படியில் அடுக்கி முடித்ததும், பல வீடுகளில் படிக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா முளைக்கும். மணல் பரப்பி, கேழ்வரகு தெளித்துப் புல் வளர்த்து, கண்ணாடித் துண்டில் குளம் வைத்து, சுற்றிலும் ஒரு பேட்டரி ரயிலை ஓட விடுவார்கள்.

ரயில் ஓடும். ஆனால் அது நிற்கும் ஸ்டேஷன்? பெரும்பாலும் ஷூ வாங்கிய அட்டைப் பெட்டிதான். அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஜன்னல் வரைந்து 'மயிலாப்பூர்' என்று எழுதியிருப்பார்கள்.

இதே விளையாட்டைப் பெரியவர்கள் தீவிரமாக விளையாடினால் அதற்குப் பெயர் 'மாடல் ரயில்வே'. நிஜ ரயிலை அளவு பிசகாமல் சுருக்கி, சிக்னல், பாலம், ஊர், மரம் எல்லாவற்றோடும் மேஜைமேல் ஓட விடும் பொழுதுபோக்கு. புனே கோத்ரூட் பகுதியில் ஜோஷி குடும்பத்தினரின் குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இப்படி ஒரு முழு நகரத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குட்டி உலகத்தில் கட்டடங்களுக்கென்றே ஒரு தனி வித்தை இருக்கிறது. மெல்லிய பித்தளைத் தகட்டை ரசாயனத்தால் அரித்து, கதவு, ஜன்னல், கம்பி, கூரை என்று அத்தனையையும் தகட்டிலேயே செதுக்கி எடுப்பது. வெளிநாட்டு சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். இதன் வேர் நம் சென்னையிலும் உண்டு.

ரயில் நம்மூர், வீடு ஜெர்மனி!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உலகில் அதிகம் புழங்கும் மாடல் ரயில் அளவு 'எச்.ஓ.' எனப்படும் 87-ல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இதில் 19 மி.மீ. உயரம் இருப்பார். ஒரு புறநகர் மின்சார ரயில் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். அப்படியானால் 12 பெட்டி தாம்பரம் வண்டி, மேஜைமேல் 2.9 மீட்டர். ஹால் முழுக்க ரயில்தான்! இடம் இல்லாதவர்கள் 160-ல் ஒரு பங்கான 'என்' அளவுக்குப் போகிறார்கள். அதில் அதே வண்டி 1.6 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்தியர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. தண்டவாளத்தைச் சுருக்கியது. நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதைச் சரியாகச் சுருக்கினால் 19.3 மி.மீ. வர வேண்டும். எனவே கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம்மூர் வண்டியை ஓட்டினால், கிட்டத்தட்ட 3 மி.மீ. சமரசம் செய்தே ஆக வேண்டும்.

தண்டவாளத்தில்தான் சமரசம் என்றால், கட்டடத்தில் நிலைமை இன்னும் மோசம். உலகச் சந்தையில் பிரபலமான ஜெர்மனியின் ஃபாலர் போன்ற நிறுவனங்களின் ரெடிமேட் கிட்டுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வீடுகளும் தேவாலயங்களும்தான். பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகச் சரித்த கூரைகள் அவை. அந்த வீடுகளுக்கு நடுவில் மாம்பலம் லோக்கலை ஓட விட்டால் எப்படி இருக்கும்? கல்யாண செட்டில் மாப்பிள்ளைக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டியது போலத்தான்.

தண்டவாளத்தை மாற்றுவது கடினம். கட்டடத்தை நம்மூருடையதாக மாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

தகட்டைத் தின்னும் கரைசல்

வேலை கணினியில் தொடங்குகிறது. கட்டடத்தின் ஒவ்வொரு சுவரையும் தட்டையாக விரித்து, சுருக்கிய அளவில் வரைகிறார்கள். தகட்டின் முன்பக்கத்துக்கு ஒரு படம், பின்பக்கத்துக்கு ஒரு படம். இரண்டையும் ஃபிலிமில் அச்சிடுவார்கள்.

பித்தளைத் தகடு கால் மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். அதன் இரண்டு பக்கமும், ஒளி பட்டால் தன்மை மாறும் ஒரு பூச்சைப் பூசி, ஃபிலிம்களை இருபுறமும் நேருக்கு நேர் வைத்து, புற ஊதா விளக்கில் காட்டுகிறார்கள். பிறகு டெவலப் செய்தால், உலோகம் கரைய வேண்டிய இடத்தில் மட்டும் பூச்சு நீங்கி, பித்தளை வெளியே தெரியும். அந்தத் தகட்டின்மேல் ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பீய்ச்சினால், திறந்த இடங்களை எல்லாம் கரைசல் தின்றுவிடும்.

சூட்சுமம் இனிமேல்தான். இரண்டு பக்கமும் திறந்திருக்கும் இடத்தில் தகடு முழுதாகக் கரைந்து ஓட்டை விழும். அதுதான் ஜன்னல். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழத்துக்குப் பள்ளம் விழும். அதுதான் செங்கல் வரிசை, கதவுச் சட்டம், பலகை இடுக்கு. அதே பாதி ஆழப் பள்ளத்தை ஒரு நேர்கோடாகப் போட்டால், அது மடிக்கும் கோடு. கோடு உள்பக்கம் வரும்படி மடித்தால், தகடு மூலைமட்டம் வைத்தது போல 90 டிகிரியில் நிற்கும்.

வாங்குபவர் கைக்கு வருவது தட்டையான ஒரு பித்தளைத் தாள். பாகங்கள் எல்லாம் சிறு சிறு காதுகளால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காதை வெட்டி, அரத்தால் தேய்த்து, மடித்து, ஈயப்பற்று வைத்து இணைத்து, கழுவி, பிரைமர் அடித்து, வண்ணம் பூசினால் கட்டடம் தயார். பிரிட்டனில் சிறு நிறுவனங்கள் இப்படிப்பட்ட கிட்டுகளைத் தபாலில் அனுப்பி விற்கின்றன.

அட்டையில் செய்தால் ஆகாதா? வீட்டு 3டி பிரின்டர் போதாதா? நம் பழைய வீட்டு ஜன்னலை நினைத்துப் பாருங்கள். விரல் கனத்துக்கும் குறைவான இரும்புக் கம்பி, சுமார் 12 மி.மீ. அதை 87-ல் ஒரு பங்காக்கினால் 0.14 மி.மீ. சாதாரண வீட்டு 3டி பிரின்டரின் மூக்கே 0.4 மி.மீ. அகலம். அட்டையில் அவ்வளவு மெல்லிசாக வெட்டினால் கையோடு பிய்ந்துவிடும். பித்தளையிலும் தகட்டின் கனத்தைவிட மெல்லிய கம்பி எடுப்பது கஷ்டம். ஆனால் 0.3 மி.மீ. கம்பி தாராளமாக வரும், உடையாமலும் நிற்கும். கண் அதை ஏற்றுக்கொள்ளும்.

இன்னொரு லாபம், ஒருமுறை வரைந்த படம் அப்படியே இருக்கும். அட்டையில் நூறு ஸ்டேஷன் வேண்டுமென்றால் நூறு முறை வெட்ட வேண்டும். பித்தளையில் ஒருவர் பொறுமையாக வரைந்துவிட்டால், அதே ஃபிலிமை வைத்து நூறு பேருக்கு நூறு ஸ்டேஷன் எடுக்கலாம்.

சென்னைக்குத் தெரிந்த வித்தைதான்

ஆஃப்செட் அச்சு வருவதற்கு முன், பத்திரிகைகளில் படம் எப்படி வந்தது என்று தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். 'ப்ளாக்' என்பார்கள். துத்தநாகம் அல்லது செப்புத் தகட்டில் ஒளிப்பூச்சு பூசி, நெகட்டிவ் வைத்து ஒளி காட்டி, ரசாயனத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து அச்சில் ஏற்றுவார்கள். தொடர்கதைக்கு வரைந்த ஓவியங்களும் தீபாவளி மலர் படங்களும் அப்படித்தான் நம் வீட்டுக்கு வந்தன. ஓட்டை விழும்வரை அரிக்காமல் பாதியில் நிறுத்துவார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அந்தத் தொழில் மறைந்துவிட்டது. வித்தை மறையவில்லை. வீட்டு வாசலில் பளபளக்கும் பித்தளைப் பெயர்ப் பலகைகளில், எழுத்தை அரித்துக் கறுப்பு வண்ணம் நிரப்பிச் செய்தவை ஏராளம். ரிச்சி தெருவில் செப்பு ஒட்டிய போர்டும் ஃபெரிக் குளோரைடும் வாங்கிப் போய், கல்லூரி புராஜெக்ட்டுக்கு சர்க்யூட் போர்டு செய்த அனுபவம் பல பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இருக்கும். அவர்கள் செய்ததும் இதே வேலையின் எளிய வடிவம்தான். மெல்லிய ரம்பமும் அரமும் பிடித்துப் பற்றவைக்கும் கைகள் நகைப் பட்டறைகளில் இருக்கின்றன.

ஆக, ரசாயனம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கைப்பழக்கம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். நம் ஸ்டேஷன்களின் அளவு.

எழும்பூரும் மாம்பலமும்

எந்தக் கட்டடமும் முழுக்கப் பித்தளையில் வராது. தகடு தட்டையானது. வளைவு, உருண்டை என்றால் திணறும். எழும்பூரையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி இர்வின் வடிவமைப்பில், பெங்களூரு ஒப்பந்ததாரர் சாமிநாதப் பிள்ளை கட்டி, 1908-ல் திறக்கப்பட்ட கட்டடம். அதன் குவிமாடங்களை மரத்தில் கடைந்தோ, ரெசினில் அச்சிட்டோதான் செய்ய வேண்டும். ஆனால் பிளாட்பாரத்துக்கு மேல் நிற்கும் இரும்புச் சட்டங்கள், ஜன்னல்கள், கைப்பிடிக் கிராதிகள் எல்லாம் பித்தளைக்கென்றே செய்தவை போல இருக்கும்.

திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் நேர்மாறு. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி நிற்கும் அந்தப் பிரம்மாண்ட கான்கிரீட் கட்டடத்துக்கு அட்டையும் பிளாஸ்டிக் தகடுமே போதும். மாம்பலத்தில் நடைமேம்பாலக் கம்பிகளும் பிளாட்பாரக் கூரையும் பித்தளைக்கு ஏற்றவை. 2023-ல் திறந்த தி.நகர் ஆகாய நடைபாதையையும் சேர்க்க ஆசைப்பட்டால் கொஞ்சம் யோசியுங்கள். சுமார் 570 மீட்டர் நீளம். எச்.ஓ. அளவில் அது மட்டுமே ஆறரை மீட்டர்!

விளையாட்டாகத் தோன்றும் இந்த அளவெடுப்பில் ஓர் அவசரமும் இருக்கிறது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்னையைச் சுமந்த அந்தக் குட்டி வண்டிகள் 2004-ல் விடைபெற்றன. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அதில் ஏறியதில்லை. வண்டி போனது போலக் கட்டடங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. எழும்பூர் மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய முகப்பைக் காப்பாற்றுவதுதான் திட்டம். என்றாலும் அதைச் சுற்றியுள்ள காட்சி மாறுகிறது. மாம்பலமும் கிண்டியும் அம்ரித் பாரத் நிலையத் திட்டத்தில் இருக்கின்றன.

பெரிய கட்டடத்துக்கு வரைபடம் இருக்கும், பாரம்பரியப் பட்டியலில் இடம் இருக்கும். சின்ன டிக்கெட் கவுன்டர், ஓட்டுக் கூரை, சிமென்ட் பெஞ்ச், தண்ணீர்க் குழாய் மேடை? அவற்றை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. இடித்த பிறகு தேடினால், கல்யாண ஆல்பத்தில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி தெரியும். குட்டிக் கட்டடம் செய்பவருக்கு மட்டும்தான் அந்த பெஞ்சின் உயரம் தேவைப்படுகிறது.

அளப்பது எப்படி?

* முதலில் நிலைய அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். தண்டவாளத்தில் இறங்கி அளப்பதோ, படம் எடுப்பதோ கூடவே கூடாது. பிளாட்பாரத்திலும் வெளியிலும் கிடைப்பதே போதும்.
* சுவருக்கு நேர் எதிரே நின்று படம் எடுங்கள். உயரம் தெரிந்த ஒருவரைச் சுவரை ஒட்டி நிற்க வைத்தால், படத்திலிருந்தே மற்ற அளவுகளைக் கணக்கிடலாம்.
* செங்கல் சுவர் என்றால் இன்னும் சுலபம். பத்து வரிசையின் உயரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்துவிட்டு, மேலே இருக்கும் வரிசைகளை எண்ணினால் போதும். ஏணி தேவையில்லை.
* கதவு, ஜன்னல், கம்பி இடைவெளி, படி உயரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். மில்லிமீட்டரில் எழுதி 87-ஆல் வகுத்தால் மாடல் அளவு வந்துவிடும். 2,100 மி.மீ. கதவு, 24 மி.மீ. ஆகும்.

இதில் கவனம் தேவை

ஃபெரிக் குளோரைடு துணியிலும் தோலிலும் பட்டால் கறை எளிதில் போகாது. கண்ணுக்கு ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எவர்சில்வர் பாத்திரத்தையும் அது அரித்துவிடும் என்பதால் சமையலறைப் பக்கமே வேண்டாம். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றினால், அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் என்று கடைசியில் நம் நீர்நிலைக்குத்தான் போகும். ரசாயனக் கழிவை முறையாகக் கையாளும் கல்லூரி ஆய்வகத்திலோ, பட்டறையிலோ அரிக்கும் வேலையைச் செய்துகொள்வதே நல்லது. பிள்ளைகள் வரைவது, வெட்டுவது, மடிப்பது, வண்ணம் பூசுவது ஆகியவற்றைச் செய்யட்டும். ஈயப்பற்று வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

முழு ஸ்டேஷனில் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியில் கறுப்பு எழுத்து. அந்தப் பெயர்ப் பலகையையும், பக்கத்தில் ஒரு பெஞ்சையும் முதலில் செய்து பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு போதும்.

அடுத்த நவராத்திரிக்கு, பேட்டரி ரயில் ஒரு சுற்று வந்து நிற்கும் இடத்தில் 'மாம்பலம்' என்ற பலகை இருந்தால், சுண்டல் வாங்க வரும் மாமி ஒருவராவது குனிந்து பார்த்து, "இந்த பெஞ்சுலதான்டி நான் தினம் உட்கார்ந்து டிரெயினுக்குக் காத்திருப்பேன்" என்று கதை சொல்ல ஆரம்பிப்பார்.