ஒரு டேப்லெட்.. 30 குழந்தைகள்.. தொடக்கப்பள்ளி வகுப்பறையில் இதை வைத்து என்ன செய்யலாம்?

அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் வழங்கும் திட்டத்தை 2024 ஜூன் மாதம் சென்னையில் நடந்த விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மொத்தம் 79,723 ஆசிரியர்களுக்கான திட்டம் இது. அதே விழாவில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை அமைக்கும் திட்டமும் தொடங்கியது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. இந்த டேப்லெட் பிள்ளைகளுக்குத் தரப்பட்டது அல்ல, ஆசிரியருக்குத் தரப்பட்டது. 25, 30 குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரே ஒரு கருவிதான் இருக்கும். அதை வைத்துப் பிள்ளைகள் எதையாவது உருவாக்க முடியுமா? அதற்குக் காசில்லாமல் கிடைக்கும் செயலிகள் எவை? காரைக்குடி வட்டாரத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

டேப்லெட் எதற்காக வந்தது?

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் பலர் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறினார்கள். அந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூன் 13-ம் தேதி 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும் வந்தது. கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்துவதுதான் இதன் முறை.

யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை ஆசிரியர் செயலியில் மதிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை பலரும் தங்கள் சொந்த செல்போனில்தான் இதைச் செய்து வந்தார்கள். ஆக, டேப்லெட்டுக்குப் பதிவு வேலை, பாடம் காட்டுவது என இரண்டு வேலைகள் முதலிலேயே காத்திருந்தன.

பார்ப்பது வேறு, செய்வது வேறு

கருவி வந்துவிட்டால் படிப்பும் வந்துவிடும் என்று நம்பி ஏமாந்த நாடுகள் உண்டு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. லேப்டாப்பை எந்தப் பாடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்ற வழிகாட்டல் போதாதது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கையும் தொழில்நுட்பம் கற்றலுக்கு உதவணும், ஆசிரியருக்கு மாற்றாகிவிடக் கூடாது என்றே சொன்னது. அதே ஆண்டு சுவீடன் அரசு சின்னக் குழந்தைகளின் வகுப்பறைக்கு அச்சுப் புத்தகத்தை மீண்டும் கொண்டுவர முடிவெடுத்தது.

அப்போ டேப்லெட்டே வேண்டாமா? அப்படியும் இல்லை. வீடியோ ஓடும்போது பிள்ளை பார்வையாளர் மட்டும்தான். அதே பிள்ளை ஒரு படம் வரைந்து, குரல் கொடுத்து, கதை கட்டும்போது யோசிக்கிறது, பேசுகிறது, தப்பைத் திருத்துகிறது. பலன் அங்கேதான் இருக்கிறது.

காசில்லாமல் கிடைக்கும் 3 கருவிகள்

டக்ஸ் பெயிண்ட்: குழந்தைகளுக்கான ஓவியச் செயலி. 2002 முதல் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, தமிழிலும் பயன்படுத்தலாம். ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானே கண்ணாடி பிம்பம் போல வரும் வசதி இதில் உண்டு.

ஸ்க்ராட்ச் ஜூனியர்: 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 2014-ல் வெளியானது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், எம்ஐடி மீடியா லேப் உள்ளிட்டவை சேர்ந்து உருவாக்கியது. படக் கட்டங்களை வரிசையாக அடுக்கினால் பாத்திரம் நடக்கும், குதிக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் இதைச் செய்யலாம். சொந்தக் குரலையும் பதியலாம்.

ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய இலவசக் கதைத் தளம். தமிழிலும் கதைகள் கிடைக்கும். படங்களைத் தேர்ந்தெடுத்து வகுப்பே சேர்ந்து புதுக்கதை எழுதலாம். திறந்த உரிமத்தில் இருப்பதால் தரவிறக்கி அச்செடுக்கவும் தடை இல்லை.

முதல் இரண்டையும் ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். சிக்னல் விட்டு விட்டு வரும் கிராமத்துப் பள்ளிக்கு இது முக்கியம். அரசு டேப்லெட்டில் புதுச் செயலி ஏற்றும் முன் வட்டார வள மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆத்தங்குடி டைல்ஸ் கணக்குப் பாடமாவது எப்படி?

தொடக்க வகுப்புக் கணக்கில் 'அமைப்புகள்' என்ற பாடம் வரும். ஒரே வடிவம் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் விஷயம். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வெளிநாட்டுப் படம் எதற்கு? செட்டிநாட்டு வீடுகளின் தரையே போதும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் இன்றும் கையால்தான் செய்யப்படுகிறது. கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்த பிறகு பின்பக்கம் மணலும் சிமென்டும் போட்டு அழுத்துவார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைத் தனியே எடுத்தால் பளபள தரை தயார்.

இதை வகுப்பில் 4 படியாகச் செய்யலாம்.

1. ஊரில் உள்ள ஒரு பழைய தரையை, வீட்டுக்காரர் அனுமதியோடு, டேப்லெட்டில் படம் எடுக்கலாம்.

2. அந்த வடிவத்தைப் பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் கையால் வரைய வேண்டும். எந்தக் கோட்டில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றாகும் என்று மடித்துப் பார்க்க வேண்டும்.

3. டக்ஸ் பெயிண்டில் ஒரு குழு ஒரு புது வடிவம் உருவாக்கலாம்.

4. எல்லாக் குழுவின் வடிவத்தையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினால் வகுப்புக்கே ஒரு தரை கிடைத்துவிடும். பக்கவாட்டில் எத்தனை, மேலிருந்து கீழ் எத்தனை என்று எண்ணினால் பெருக்கல் வாய்ப்பாடும் அங்கேயே வந்துவிடும்.

தமிழ்ப் பாடத்துக்கும் இதே வழிதான். பனை ஓலையில் கொட்டான் முடையும் ஆச்சியிடம் பிள்ளைகள் கேள்வி கேட்டுக் குரலைப் பதிவு செய்யலாம். கேட்டதை நாலு வரியாக எழுதி, படம் வரைந்து, 8 பக்கக் கதைப் புத்தகம் ஆக்கலாம். கீழடி அருங்காட்சியகமும் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. பானை ஓட்டைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அந்தப் பானையே பேசுவது மாதிரி ஸ்க்ராட்ச் ஜூனியரில் கதை சொல்லலாம்.

ஒரே டேப்லெட்டை 30 பேர் எப்படிப் பகிர்வது?

ஐந்து பேர் கொண்ட 6 குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழுவுக்கு 10 நிமிடம் என்றால் மொத்தம் ஒரு மணி நேரம். இரண்டு பாடவேளையில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு குழு டேப்லெட்டில் இருக்கும்போது மற்ற ஐந்தும் தாள், கிரேயான், கத்தரிக்கோலோடு இருக்கும்.

இதற்கு இரண்டு விதிகள் போதும். தாளில் வரைந்து முடிக்காத குழுவுக்கு டேப்லெட் கிடையாது. வரைபவர், குரல் கொடுப்பவர், நேரம் பார்ப்பவர் என்ற பொறுப்பு ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் செல்போன் பழகிய பிள்ளையே கடைசி வரை கருவியை வைத்திருக்கும். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் 5-ம் வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?

5 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் திரை நேரம் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. குழுவாகப் பகிர்ந்தால் வகுப்பில் ஒரு பிள்ளை திரை பார்ப்பது 10 நிமிடம்தான். கவனிக்க வேண்டியது சாயங்காலம் வீட்டில் ஓடும் செல்போனைத்தான்.

'இலவசம்' என்றால் நிஜமாகவே இலவசமா?

சில செயலிகள் காசு வாங்காது, விளம்பரம் காட்டும். சில செயலிகள் பிள்ளையின் பெயர், வயது, மின்னஞ்சல் கேட்கும். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதே 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. கணக்கு தேவைப்பட்டால் ஆசிரியர் பெயரில் ஒன்று போதும். பிள்ளைகள் செய்த வேலையை வாட்ஸ்அப் குழுவில் பகிரலாம், முகமும் முழுப்பெயரும் அதில் இருக்க வேண்டியதில்லை.

பெரிய தடை எது?

நேரம்தான். 'எமிஸ்' இணையப் பதிவு வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கேட்டு வருகின்றன. டேப்லெட் முழுநாளும் பதிவேடாகவே இருந்தால், ஆச்சியின் கதையும் வராது, ஆத்தங்குடிப் பூவும் வராது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை அது பிள்ளைகள் கைக்கு வந்தாலே பெரிய மாற்றம்.

பெற்றோர் என்ன செய்யலாம்? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "எத்தனை டேப்லெட் வந்தது?" என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "இந்த மாதம் எங்க பிள்ளைங்க அதுல என்ன செஞ்சாங்க, காட்டுங்க" என்றும் கேளுங்கள்.