பாத்திரப் பொருத்தமும் இரசிகர் விவாதமும்: ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பாத்திரத்திற்கு நடிகர் பொருந்தினாரா, இணையாக நடித்தவர்களிடையே ‘கெமிஸ்ட்ரி’ அமைந்ததா, இரண்டாம் பாகம் முதற்பாகத்திற்கு ஈடாக வந்ததா என்னும் மூன்று வினாக்களும் திரைப்பட இரசிகர்களிடையே ஓயாமல் எழுபவை. இவ்விவாதங்கள் முடிவின்றி நீள்வதற்கு இரசனை வேறுபாடு மட்டும் காரணமன்று. வாதிடுவோர் வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைச் சொல்லாமல் விடுவதும் காரணமாகும். மணிரத்னம் இயக்கிய ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) படத்தின் இரு பாகங்களையும் சான்றாகக் கொண்டு, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் ‘ஒப்பு’, ‘மெய்ப்பாடு’ ஆகிய கருத்துகளின் துணையுடன் அவ்வளவுகோல்களைப் பிரித்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பாத்திரப் பொருத்தம், ஒப்பு, மெய்ப்பாடு, மணியம் ஓவியங்கள், பின்னணிக் குரல், இரண்டாம் பாகம்.

முன்னுரை

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வெளிவந்து, ஐந்து பாகங்களாக அமைந்த புதினமாகும். இதனைத் திரைப்படமாக்கும் முயற்சியை எம்.ஜி.ஆர். 1958இல் அறிவித்தார், அது நிறைவேறவில்லை. அதன்பின் மணிரத்னத்தின் படம் 2022இல் வரும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் வாசகர்கள் தங்கள் மனத்திலேயே நடிகர் தேர்வை நடத்திவந்தனர். வந்தியத்தேவனாக யார், நந்தினியாக யார் என்ற பேச்சு தலைமுறைதோறும் புதிய பெயர்களுடன் தொடர்ந்தது. எனவே படம் வெளிவந்தபோது, திரையில் தோன்றிய ஒவ்வொரு முகத்தின் எதிரிலும் வாசகர் மனத்தில் முன்பே வேறொரு முகம் இருந்தது. ‘இவர் பொருந்தவில்லை’ என்னும் தீர்ப்பு எந்த முகத்தோடு ஒப்பிட்டு வழங்கப்படுகிறது என்பதே இங்கு முதலில் கேட்கத்தக்க வினாவாகும்.

மணியம் வரைந்த முகங்கள்

தொடர் வெளிவந்தபோது அதற்கு ஓவியம் வரைந்தவர் மணியம். பின்னர் ‘கல்கி’ இதழில் இப்புதினம் மீண்டும் தொடராக வந்த காலங்களில் வினு, பத்மவாசன் முதலியோரும் வரைந்தனர். வாசகர் பலருக்கு நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவனின் மீசையும் எழுத்தின் வழியாக மட்டுமன்றிக் கோட்டோவியத்தின் வழியாகவும் பதிந்தவை. ஆகவே ‘கல்கியின் பாத்திரத்திற்கு இந்நடிகர் பொருந்தவில்லை’ என்னும் கூற்றில், மூலமாகக் கருதப்படுவது சில இடங்களில் கல்கியின் சொல். சில இடங்களில் ஓவியரின் தூரிகை. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஓவியம் ஒரு கணத்தை மட்டுமே நிறுத்திக் காட்டும். ஆனால் படிப்பவர் நினைவில் அக்கணமே பாத்திரத்தின் நிலையான உருவமாகத் தங்கிவிடுகிறது.

கல்கியும் உருவத்தைப் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்பவர் அல்லர். நந்தினியையும் குந்தவையையும் முகவடிவம், நிறம், கூந்தல் என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வேறுபடுத்திக் காட்டுகிறார். எனவே உருவம் பற்றிய இரசிகரின் கேள்வி அற்பமானதன்று. அதற்குப் பனுவலிலேயே இடம் இருக்கிறது. ஆனால் அக்கேள்வி எல்லாப் பாத்திரங்களுக்கும் சீராகக் கேட்கப்பட வேண்டும். ஆதித்த கரிகாலன் புதினத்தில் இளவரசன். அப்பாத்திரத்தில் நடித்த விக்ரம் 1966இல் பிறந்தவர். நந்தினியாக நடித்த ஐஸ்வர்யா ராய் 1973இல் பிறந்தவர். நடிகையின் வயதைக் குறையாகக் காணும் ஒருவர், நடிகரின் வயதை வீரத்தின் முதிர்ச்சியாகக் காண்பாராயின், அவர் அளப்பது பாத்திரப் பொருத்தத்தை அன்று.

உருவும் குரலும்

பாத்திரப் பொருத்தம் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது குரல். தமிழ்த் திரையில் ஒருவர் நடிக்க, மற்றொருவர் பின்னணிக் குரல் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இப்படத்தில் நந்தினியின் குரல் பின்னணிக் குரற்கலைஞர் தீபா வெங்கட்டினுடையது. ஆகவே ‘நந்தினி பொருந்தினார்’ என்று பாராட்டினும் ‘பொருந்தவில்லை’ எனக் குறைகூறினும், அத்தீர்ப்பு இருவரின் உழைப்பின்மீது வழங்கப்படுகிறது. பெயர் மட்டும் ஒருவருக்கே சேர்கிறது.

இதனைச் சோதித்துப் பார்க்கப் படத்திலேயே ஒரு வாய்ப்பு உள்ளது. ஐஸ்வர்யா ராய் நந்தினியாக மட்டுமன்றி, ஊமை ராணியாகிய மந்தாகினியாகவும் நடித்துள்ளார். மந்தாகினிக்கு உரையாடல் இல்லை. கண்ணும் கையும் நடையுமே அவளுடைய மொழி. ஒரே நடிகரை ஒரு பாத்திரத்தில் பிறர் குரலோடும் மற்றொன்றில் குரலின்றியும் காண முடிகிறது. நந்தினியில் குறை காண்பவர், மந்தாகினியிலும் அக்குறை உள்ளதா என நோக்கினால், தம்மை உறுத்தியது உடல்நடிப்பா, உச்சரிப்பா, முன்பே மனத்திலிருந்த ஓவியமா என்பதை ஓரளவு பிரித்தறியலாம்.

ஒப்பும் மெய்ப்பாடும்

‘கெமிஸ்ட்ரி’ என்று இன்று வழங்கும் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. தொல்காப்பியர் அவ்விரண்டையும் ஒரே இயலில் தனித்தனியே வைத்துப் பேசுகிறார். மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்கு உரிய ஒப்பு பத்து வகையாக உரைக்கப்படுகிறது. குடிமை, ஆண்டு, உருவு, அருள், உணர்வு முதலியன அவற்றுள் அடங்கும். மெய்ப்பாடு என்பதோ உள்ளத்து உணர்வு பிறர் காணுமாறு உடலில் புலப்படுதல். நகை, அழுகை, அச்சம், உவகை உள்ளிட்ட எட்டும் அதன் அடிப்படை வகைகள். ஒப்பு என்பது இருவரும் சேரத்தக்கவரா என்னும் வினாவிற்குரியது. மெய்ப்பாடு என்பது இருவருக்குமிடையே நிகழ்வது நமக்குத் தெரிகிறதா என்னும் வினாவிற்குரியது. அகப்பாடல் மாந்தர்க்கு உரைத்த இலக்கணத்தைத் திரைநடிகர்மேல் அவ்வாறே ஏற்ற இயலாது. எனினும் இப்பாகுபாடு விவாதத்தைத் தெளிவாக்க உதவுகிறது.

கரிகாலனும் நந்தினியும் இதற்குச் சிறந்த சான்று. கோயில் சார்ந்த எளிய குடும்பத்தில் வளர்ந்தவள் அவள், அரசுக்குரியவன் அவன். குடிமை ஒப்பாமையே அவர்களது பிரிவிற்கும் கதையின் பகைக்கும் வித்தாகிறது. ஒப்பில்லாத இணையில் மெய்ப்பாடு எவ்வளவு வலிமையாக இருக்க முடியும் என்பதைக் காட்டுவதே இங்கு இயக்குநரின் பணி. முதற்பாகத்தின் நிகழ்காலக் கதையோட்டத்தில் இருவரும் சந்திப்பதில்லை. கரிகாலன் தன் கடந்தகாலத்தைச் சொல்லும்போது அவன் குரலிலும் முகத்திலும் நந்தினி இருக்கிறாள். இரண்டாம் பாகத்தில் கடம்பூர் மாளிகையில் நேருக்கு நேர் நிற்கும் காட்சி, கரிகாலனின் இறப்பில் முடிகிறது. இவ்விணைக்குக் ‘கெமிஸ்ட்ரி’ இல்லை என்பவர் பொதுவாகத் தேடுவது காதலரின் ஒப்பை. இருக்கிறது என்பவர் காண்பது அச்சமும் வெகுளியும் அழுகையும் கலந்த மெய்ப்பாட்டை. இருவரும் ஒரே சொல்லால் இரு பொருள்களைப் பேசுகின்றனர்.

மேலும், இதே இருவர் மணிரத்னத்தின் ‘இராவணன்’ (2010) படத்தில் சிறைப்பிடித்தவனாகவும் சிறைப்பட்டவளாகவும் நடித்திருந்தனர். அங்கும் நிறைவேறாத ஈர்ப்பே பொருள். அப்படத்தைப் பார்த்தவர் கடம்பூர்க் காட்சியில் காணும் இணக்கத்தில் ஒரு பகுதி ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுக்கால நினைவிலிருந்து வருவது எனலாம். அதைப் பார்க்காதவருக்கு அப்பகுதி கிடைக்காது.

ஆழ்வார்க்கடியான் பாத்திரம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. புதினத்தில் அவன் கட்டையும் குட்டையுமானவன். நடிகர் ஜெயராம் அவ்வளவு குட்டையானவர் அல்லர். ஆயினும் அவர் நடிப்பு பரவலாகப் பாராட்டப்பட்டது. உடலசைவாலும் பேச்சாலும் அவர் பிறப்பித்த நகை, உயரத்தின் வேறுபாட்டை மறைத்துவிட்டது. உருவு ஒப்பாத இடத்திலும் மெய்ப்பாடு பொருத்தத்தை ஏற்படுத்த முடியும் என்பதற்கு இது சான்றாகிறது.

இரண்டாம் பாகம் என்பது யாது?

‘இரண்டாம் பாகம்’ என்ற பெயரில் இருவேறு வகைகள் உள்ளன. ஒரே கதையைப் பகுத்து வெளியிடுவது ஒன்று. முடிந்த கதையை மீண்டும் திறப்பது மற்றொன்று. ‘பொன்னியின் செல்வன்’ 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும், முதன்மைப் பாத்திரங்களில் அதே நடிகர்களுடன் வெளிவந்தது. இது முதல் வகை. 1996இல் வந்த ‘இந்தியன்’ படத்திற்கு 2024இல் வந்த தொடர்ச்சி இரண்டாம் வகை. முதல் வகையில் பார்வையாளர் ஒப்பிடுவது புதினத்தோடு. மணிமேகலை பாத்திரம் இடம்பெறாததும், மதுராந்தகர் யார் என்னும் புதினத்தின் திருப்பம் கைவிடப்பட்டதும் இரண்டாம் பாகத்தின்மீது வாசகர் கொண்ட மனக்குறைகள். இவை தழுவல் பற்றிய குறைகளேயன்றி இரண்டாம் பாகம் என்பதன் குறைகள் அல்ல.

இரண்டாம் வகையில் முந்தைய படமே மூலமாகிவிடுகிறது. ‘சந்திரமுகி’ (2005) படத்தில் ஜோதிகா நடித்தது, தன்னைச் சந்திரமுகியாகக் கருதிக்கொள்ளும் கங்கா என்னும் பெண்ணாக. ‘சந்திரமுகி 2’ (2023) படத்தில் கங்கனா ரணாவத் நடித்தது சந்திரமுகியாகவே. இருவரையும் ஒரே தராசில் வைப்பவர், ஒரு மனத்தின் பிறழ்வையும் ஒரு நாட்டியப் பெண்ணின் வாழ்வையும் ஒன்றெனக் கொள்கிறார். எளிய கேள்வியாகத் தோன்றும் ‘யார் சிறந்தவர்?’ என்பது இங்குப் பிழையான கேள்வியாகிறது.

முடிவுரை

இரசிகர் விவாதம் வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளத்தக்கதன்று; அது ஒரு பனுவலைப் பலர் சேர்ந்து வாசிக்கும் முறையாகும். ஆனால் அவ்விவாதத்தின் தீர்ப்புகள் நடிகரின் உடல், நிறம், வயது ஆகியவற்றின்மீது விழுவதால், அளவுகோலைச் சொல்லாமல் விடுவது ஒருவருக்கு அநீதியாக முடியலாம். ஒப்பிடப்படும் மூலம் எது, குறை காணப்படுவது உருவிலா குரலிலா, தேடப்படுவது ஒப்பா மெய்ப்பாடா, அதே அளவுகோல் இருபாலர்க்கும் பயன்படுகிறதா என்னும் வினாக்களை முன்வைத்தால் கருத்து வேறுபாடு மறைந்துவிடாது. எதில் வேறுபடுகிறோம் என்பதேனும் தெளிவாகும். தமிழ்த் திரையாய்வு நடிகர் தேர்வை ஆராயும்போது, குரற்கலைஞரையும் ஓவியரையும் பாத்திரத்தைப் படைத்தவருள் சேர்த்து எண்ண வேண்டும் என்பதும் இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது.